கவரிங் செய்து பெயர் வாங்க முடியுமா?

கேள்வி: நகை டிசைன் படிக்கிறேன். தங்கமும் கல்லும் அசலாக இல்லாவிட்டால் அது வெறும் கவரிங்தானே, அதைச் செய்து யார் பெயர் வாங்கினார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். பாரிஸ் ஃபேஷன் உலகில் அப்படி யாராவது உண்டா? கம்ப்யூட்டரில் டிசைன் போடத் தெரிந்தால் போதுமா, பட்டறையில் உட்கார வேண்டுமா?
- வாசகி, கோவை

பதில்: உண்டு. ரொபேர் கூசன்ஸ் என்ற பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1927இல் பாரிஸில் பிறந்தவர், அப்பாவுக்கு உலோக வார்ப்புப் பட்டறையில் வேலை. இளம் வயதிலேயே தொழில் பழகப் போய் வார்ப்பது, செதுக்குவது எல்லாம் முறையாகக் கற்றார், அதுவும் அசல் பொன் வேலை. 1950களில் பாரிஸின் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலுக்கு நகை செய்யத் தொடங்கியவர், 1971இல் அந்த அம்மையார் இறக்கும்வரை செய்தார். அசல் முத்தோடு போலி முத்தையும் கலந்து ஒரே கழுத்தில் போட்டுக்கொள்ளத் தயங்காதவர் ஷனேல், அதனால் முலாம் நகை செய்த கூசன்ஸோடு நன்றாகப் பொருந்திப்போனது.

கூசன்ஸ் செய்த, பழைய பைசாண்டியப் பேரரசின் பாணியிலான சிலுவை ப்ரூச் (உடையில் குத்தும் நகை) ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தங்க முலாம் பூசிய உலோகம்தான், ஆனால் ஓரம் வேண்டுமென்றே நேராக இல்லை, பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கிறது, நடுவில் பட்டை தீட்டாத கண்ணாடிக் கல் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது, ஏதோ பழைய கோட்டையைத் தோண்டும்போது கிடைத்த நகை மாதிரி! எனக்கு அது வைர நெக்லஸைவிட அழகு. ஸ்படிகமும் அவருக்குப் பிடித்த கல்.

ஷனேல் வீட்டுக்கு மேஜைகூடச் செய்திருக்கிறார், கண்ணாடிப் பலகையைத் தாங்குவது முலாம் பூசிய கோதுமைக் கதிர்க்கட்டு. அப்புறம் பலென்சியாகா, ஈவ் சான் லோரான் என்று பெரிய ஃபேஷன் நிறுவனங்களுக்கெல்லாம் நகை செய்தார். 2005இல் ஷனேல் நிறுவனமே அவருடைய பட்டறையை வாங்கியது. 2016இல் இறந்தார், பட்டறை இன்னும் நடக்கிறது. வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, அடுத்த கேள்வி. பட்டறையில் கட்டாயம் உட்காருங்கள். முலாம் எவ்வளவு பூசினால் செதுக்கிய கோடு மழுங்கும், கல்லைப் பிடிக்கும் விளிம்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தால் வளையும் என்பதெல்லாம் கை பட்டால்தான் தெரியும். இந்த விடுமுறையில் ஒரு மோதிரத்தை மெழுகில் செதுக்கி, பித்தளையில் வார்த்து, அரம் போட்டு நீங்களே முடித்துப் பாருங்கள். முதல் மோதிரம் கோணலாகத்தான் வரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.