அமெரிக்காவின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் ஏன் அவ்வளவு கொந்தளிப்பை உண்டாக்கியது?

தெற்கிலிருந்து தப்பி வடக்கே வந்த அடிமையைப் பிடித்து உரிமையாளரிடமே ஒப்படைக்க வேண்டும், பொதுமக்களும் அதற்கு உதவியே ஆக வேண்டும் என்று 1850-இல் கொண்டுவந்த சட்டம் இது. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது, தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்லக்கூட முடியாது. அதைவிடக் கொடுமை, முடிவு செய்யும் அதிகாரிக்குத் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். ஒரு அணி ஜெயித்தால் மட்டும் அம்பயருக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது மாதிரி.

அடிமைமுறை எங்கோ தெற்கில் நடக்கிற விஷயம் என்று இருந்த வடக்கத்தியர்கள், 1854-இல் பாஸ்டன் தெருவில் ஆண்டனி பர்ன்ஸ் என்ற தப்பி வந்த அடிமையைப் படைவீரர்கள் சூழத் துறைமுகத்துக்கு நடத்திப் போனதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். அப்புறம் ஒதுங்கி நிற்கப் பலருக்கு மனம் வரவில்லை.

பிறகு வந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாநில உரிமைக்காகத்தான் தெற்கு போரிட்டது என்று பலர் சொல்வார்கள். ஆனால் வடமாநிலங்கள் தங்கள் சட்டங்களால் இந்த 1850 சட்டத்தைத் தடுக்கப் பார்த்தபோது, மத்திய அரசு தலையிட்டே தீர வேண்டும் என்று கேட்டது அதே தெற்குதான்.