அந்த நண்பனையே வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: கனடாவில் ஓர் உள்ளூர் வார இதழுக்கு, நான்கு கட்டத்தில் ஒரு குடும்பச் சித்திரத்தொடர் வரைகிறேன். அதில் மூத்த மகனின் நண்பன் தன்பாலீர்ப்பாளன் என்று காட்ட நினைக்கிறேன். “பழைய பாத்திரத்தைத் தொடாதீர்கள், புதிதாக ஒருவனைக் கொண்டுவாருங்கள். முன்பணம் கட்டினால் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் போட வைக்கிறேன்” என்கிறார் ஒரு முகவர். கேட்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுமே தப்பு.

உங்கள் ஊர்க்காரர், சித்திரக் கலைஞர் லின் ஜான்ஸ்டனையே பாருங்கள். அவருடைய ‘ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வர்ஸ்’ குடும்பத் தொடர் 1979-இல் தொடங்கியது. லாரன்ஸ் அதில் மூத்த மகன் மைக்கேலின் சின்ன வயதுத் தோழன். 1993-இல் அவன் தான் தன்பாலீர்ப்பாளன் என்று மைக்கேலிடம் சொன்னபோது, வாசகர்கள் அவனை ஏற்கெனவே வருஷக்கணக்கில் அறிந்திருந்தார்கள். யாரோ ஒருவன் இல்லை, பக்கத்து வீட்டுப் பையன். அதனால்தான் அது மனதில் தைத்தது. மறு ஆண்டு அந்தப் பகுதி அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்று வரை போனது.

எதிர்ப்பு வரத்தான் செய்யும். அப்போது பல பத்திரிகைகள் அந்த வாரங்களுக்கு வேறு சித்திரங்களைப் போட்டன, சில தொடரையே நிறுத்தின. முதல் பக்கத்தில் கொலைச் செய்தி போடத் தயங்காதவர்களுக்கு, ஒரு பையன் தன் நண்பனிடம் மனம் திறப்பது மட்டும் குடும்பப் பக்கத்துக்கு ஆகவில்லை! எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: உங்கள் தொடரை வாங்குவது வாசகர் இல்லை, ஆசிரியர். அந்த வாரங்களின் படங்களை முன்கூட்டியே அவரிடம் காட்டிவிடுங்கள்.

புதுப் பாத்திரம் எடுபட்ட இடமும் உண்டு. ‘டூன்ஸ்பரி’ என்ற அமெரிக்கச் சித்திரத்தொடரில் அதை வரைந்த கேரி ட்ரூடோ 1976-இல் ஆண்டி லிப்பின்காட்டைக் கொண்டுவந்தார். ஆண்டி புதியவன்தான். ஆனால் அவனை விரும்பியவள் ஜோனி, வாசகர்களுக்கு நன்றாகப் பழகியவள். அவன் தன்பாலீர்ப்பாளன் என்று தெரிந்ததும் அவள் பட்ட ஏமாற்றத்தின் வழியாகத்தான் வாசகர்கள் அவனை நெருங்கினார்கள். அப்புறம் அவனை ட்ரூடோ கைவிடவும் இல்லை. எய்ட்ஸ் நோயில் வாடி 1990-இல் இறக்கும்வரை கூடவே இருந்தார். ஜோனி மாதிரி ஒருத்தியும் அத்தனை வருஷப் பொறுமையும் உங்களிடம் இருந்தால் புதியவனைக் கொண்டுவாருங்கள். ஒரு வாரப் பரபரப்புக்காக என்றால் வேண்டாம்.

சரி, அந்த முகவர். பத்திரிகைகளுக்குத் தொடர்களை விற்கும் சிண்டிகேட்டுகள் கலைஞரிடம் முன்பணம் கேட்பதில்லை. விற்ற வருமானத்தில்தான் பங்கு எடுப்பார்கள். பணம் கட்டச் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள். பாத்திரங்களின் உரிமையை எழுதித் தரச் சொன்னால் இன்னும் மோசம். அமெரிக்கச் சித்திரக் கலைஞர் மில்டன் கேனிஃப், தான் உருவாக்கிய ‘டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்’ தொடரை 1946-இல் விட்டுப் போனதே, அது தனக்குச் சொந்தமில்லை என்பதால்தான். அவர் போன பிறகும் அதை வேறொருவர் வரைந்தார். நீங்கள் கையெழுத்துப் போட்டால், நாளை உங்கள் பையனை யாரோ ஒருவர் கேலிப்பொருளாக வரையலாம். நீங்கள் வாய் திறக்க முடியாது.

முதல் வாரத்தில் அவன் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அவன் சொன்னதைக் கேட்ட மூத்த மகனின் முகத்தை மட்டும் வரையுங்கள்.