லென்ஸில் எழுத்து இருக்கிறதா?

கேள்வி: மகன் ஏர் ரைஃபிள் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். பவர் கண்ணாடி போட்டிருப்பதால் தனியாகக் காப்புக் கண்ணாடி வேறு வேண்டுமா? (காரைக்குடி)

வேண்டும். பவர் கண்ணாடி அடி தாங்கச் செய்ததல்ல. பக்கவாட்டில் மறைப்பும் கிடையாது. அதன் மேலேயே மாட்டக்கூடிய பெரிய காப்புக் கண்ணாடி, பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ‘குண்டு துளைக்காதது’ என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் 1,800 ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கினேன். மேஜையிலிருந்து விழுந்ததும் விரிசல் விட்டது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (தேவகோட்டை)

உங்கள் மேல் பிழையில்லை. விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள். பில், பெட்டி, உடைந்த கண்ணாடி எதையும் எறியாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். அசையாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

‘குண்டு துளைக்காதது’ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அமெரிக்கத் தர முத்திரையான இசட்87+ (Z87+) பெறும் கண்ணாடியின் மேல் 6.35 மி.மீ. எஃகுக் குண்டை நொடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில் எறிந்து சோதிக்கிறார்கள். பந்தய ஏர் ரைஃபிளின் ஈயக்குண்டு பாய்வதோ 170 மீட்டர் வேகத்தில். ஆக, இது தெறித்துத் திரும்பும் துணுக்குக்கான காப்பு. நேரே வரும் குண்டுக்கு அல்ல. முத்திரை ஃபிரேமில் மட்டும் இருந்தால் போதாது, லென்ஸிலும் இருக்க வேண்டும். நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 5983, ஐரோப்பியத் தரம் முன்பு ஈஎன் 166, இப்போது அதன் இடத்தில் ஈஎன் ஐஎஸ்ஓ 16321.

சுவரின் பழைய காரைப்பூச்சை உடைக்க நடைபாதைக் கடையில் நானே 120 ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். ஃபிரேமில் எழுத்து இருந்தது, லென்ஸில் இல்லை. உளியடியில் தெறித்த சில்லு பட்டதும் லென்ஸ் குறுக்கே பிளந்து, அதன் விளிம்பே கன்னத்தைக் கிழித்தது. விரலகலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

கேள்வி: உள்ளரங்கில் சுடும்போது கறுப்புக் கண்ணாடி போடலாமா? (கானாடுகாத்தான்)

கூடாது. நிறமில்லாத லென்ஸ் வாங்குங்கள்.

கேள்வி: 2018 கஜா புயலில் விழுந்த மரங்களை அறுத்தபோது கண்ணில் தூள் விழுந்து அவதிப்பட்டோம். அடுத்த புயலுக்கென்று மலிவாக ஒரு டஜன் காகிள்ஸ் வாங்கிவிட்டேன். பக்கங்களில் துளைகள் இருக்கின்றன. வீட்டுச் சுண்ணாம்பு வேலைக்கும் அதையே கொடுக்கலாமா? (பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்)

வாங்கிய பிறகு கேட்கிறீர்களே, ஆச்சி! ஒரு டஜன் எடுக்குமுன் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா? துளை நேரே உள்ளே திறந்திருப்பது பெரிய சில்லுக்கு ஆகும், நுண்தூளுக்கு ஆகாது. சுண்ணாம்புக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது அரிக்கும் காரப்பொருள், கண்ணில் பட்டால் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். முகத்தோடு ஒட்டி, காற்றுத்துளை மூடி போட்டு மறைத்ததாக வாங்குங்கள். மீறிப் பட்டுவிட்டால் கசக்க விடாமல், இமையை விரித்துப் பிடித்து உடனே குழாய்த் தண்ணீரில் அரைமணி நேரம் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் ஓடுங்கள். கொத்தனாருக்கு மட்டும் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். சுண்ணாம்பைக் குழைப்பவர் சித்தாள். முதல் காகிள்ஸ் அவருக்கு.