சிறிய அரபுக் கல்லூரியில் தங்கி ஓதும் வாழ்க்கை எப்படி இருக்கும்?

பத்தாம் வகுப்பு முடித்த மகன் ஆலிமுக்கு, அதாவது மார்க்க அறிஞர் பட்டத்துக்கு ஓத ஆசைப்படுகிறான், சிறிய மதரஸாவில் விட்டால் தாங்குவானா என்று கேட்டிருக்கிறீர்கள். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 7 ஆண்டுகள் தங்கி ஓதியவன் நான். மாணவர்கள் 60 பேர், ஹழ்ரத்மார்கள் என்று நாங்கள் அழைக்கும் ஆசிரியர்கள் 5 பேர். அவ்வளவுதான் எங்கள் கல்லூரி.

முதல் மாதம் அழுவான். நானும் அழுதேன். ஃபஜ்ரு என்ற வைகறைத் தொழுகைக்கு முன்பே எழுப்பிவிடுவார்கள். மார்கழியில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவுழுத் தொட்டித் தண்ணீரில் கை வைக்கும்போது வீட்டு நினைப்பு வந்துவிடும்.

முதல் பாடம் நாக்குக்கு. ழாத் என்ற அரபு எழுத்துக்கு நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பல்லில் பட வேண்டும். எங்கள் ஹழ்ரத் தம் கன்னத்தில் விரலை வைத்து அந்த இடத்தைக் காட்டுவார். ரமழான், வுழூ, ஹழ்ரத் என்று அந்த ஓசைக்கு நம் முன்னோர் ழகரத்தைத் தேர்ந்தெடுத்தார்களே, எவ்வளவு நுட்பமான காது!

அடுத்து ஸர்ஃப், அதாவது சொற்கள் வடிவம் மாறுவதைச் சொல்லும் இலக்கணம். ஒரு வினையை இறந்தகாலத்தில் 14 வடிவங்களில் சொல்ல வேண்டும். தமிழில் ஒருமையும் பன்மையும்தான்; அரபியில் இருவருக்கென்றே தனி வடிவம் உண்டு. முற்றம் கூட்டும்போதும் தட்டு கழுவும்போதும் வாய் 'ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ' (அவன் செய்தான், இருவர் செய்தார்கள், பலர் செய்தார்கள்) என்றே முணுமுணுக்கும். ஜலாலைன் தஃப்ஸீர் என்ற குர்ஆன் விளக்கவுரை, மிஷ்காத், புகாரி என்ற நபிமொழித் தொகுப்புகள் எல்லாம் பின்னால் வரும்.

ஹழ்ரத் நடத்தும் சபக், அதாவது அன்றைய பாடம், காலையில் முடிந்துவிடும். அது மனத்தில் பதிவது இரவுத் தக்ராரில்தான். வட்டமாக உட்கார்ந்து, ஒருவன் அன்றைய பாடத்தை மற்றவர்களுக்கு மறுபடி நடத்துவான். கூட்டம் அதிகமுள்ள இடத்தில் நன்றாகப் பேசுகிறவனே தினமும் நடத்திவிடுவான். எங்கள் வகுப்பில் 4 பேர்தான், ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. நான் திக்கித் திக்கிப் பேசுகிறவன். ஒருநாள் 'ழரப ஸைதுன் அம்ரன்', அதாவது 'ஸைது அம்ரை அடித்தான்' என்ற வாக்கியத்தை 'ஸைதன் அம்ருன்' என்று வாசித்து, அடித்தவனை அடிபட்டவனாக்கிவிட்டேன். எதிரில் இருந்தவன் சிரிக்கவில்லை. "அம்ரை என்று சொல்கிறோமே, அந்த ஐதான் இங்கே அன்" என்றான். வாக்கிய இலக்கணமான நஹ்வுப் பாடத்தின் மீதிருந்த பயம் அன்றோடு விட்டது. இன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் பயான் (சொற்பொழிவு) செய்கிறேன் என்றால் அந்த வட்டத்தில் உட்கார்ந்ததால்தான்.

குறையும் உண்டு. நூலகம் என்பது ஓர் அலமாரிதான். காய்ச்சலில் படுத்தால் கவனிக்க, பக்கத்துப் பாய்க்காரனை விட்டால் ஆளில்லை. பள்ளிப் படிப்பைத் தொடரும்படி யாரும் வற்புறுத்தவும் இல்லை. தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதுவதற்குள் என் வயதுப் பிள்ளைகள் கல்லூரியை முடித்திருந்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. உங்கள் மகன் முதல் ஆண்டிலேயே அதற்குத் திட்டமிடட்டும்.

சேர்க்கை பெரும்பாலும் ஷவ்வால் மாதத்தில், நோன்புப் பெருநாள் முடிந்ததும் நடக்கும். பாடங்கள் தொடங்கிய பிறகு ஒருமுறை சொல்லாமல் போய்ப் பாருங்கள். மாலையில், அஸர் தொழுகைக்குப் பிறகு வேண்டாம். அப்போது எல்லாரும் விளையாட்டில் இருப்பார்கள். இரவில் போய், பள்ளிவாசலின் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் யார் குரல் கேட்கிறது, தினமும் ஒரே குரலா என்று கவனியுங்கள்.