விறாந்தைச் சுவரில் மேலே கிறீமும் கீழே பச்சையும் அடிக்கிறீங்கள்; இரண்டு நிறமும் சேருற இடத்தில் ரேப் (பெயின்ற் அடிக்கேக்கை ஒட்டுற மாஸ்கிங் ரேப்) ஒட்டியும் கோடு பல்லுப் பல்லாக வருகுது எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

பச்சை அடிக்க முதல், ரேப் விளிம்பில் உங்கட மேல்நிறமான கிறீமையே ஒருக்கா மெல்லிசாக இழுத்து, ஒரு மணித்தியாலம் காயவிடுங்கோ. கசியிறது கிறீம்தான், கிறீமுக்கு மேலே தெரியாது; இடுக்கும் அடைபட்டுவிடும். பிறகு பச்சை அடியுங்கோ.

விறாந்தைச் சுவருக்கு வோல் பில்லர் (குழிகளை நிரப்பிச் சுவரை வழவழப்பாக்கிற பூச்சு) போடவில்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். காரணம் அதுவாய்த்தான் இருக்கும். மணல் பூச்சின் குழிகளுக்குள் ரேப் படியாது, பெயின்ற் அதுக்குள்ளால ஓடும். எவ்வளவு விலை குடுத்து ரேப் வாங்கினாலும் இதுதான் கதி.

ஒரு சாண் ரேப்பை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்து, உரிச்சுப் பாருங்கோ. பின்பக்கத்தில் செம்மண் தூசி எண்டால் ஈரத்துணியால் துடைச்சுக் காயவிட்டால் போதும். வெள்ளைத் தூள் எண்டால் பழைய சுண்ணாம்பு உதிருது. அதைச் சுரண்டி, பிறைமர் (பெயின்ற் பிடிக்க முதலில் அடிக்கிற அடிப்பூச்சு) அடிக்காமல் ரேப்பில் கை வைக்காதீங்கோ.

கோட்டை நிலத்திலிருந்து அளக்கவேண்டாம், நிலம் நேராக இராது. மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கிற, தண்ணி நிரப்பின தெளிவான குழாயால் இரண்டு மூலையிலும் மட்டம் குறிச்சு, நிறத்தூள் பூசின நூலை இழுத்துப் பிடிச்சுச் சுவரில் அடிச்சுக் கோடு போடுங்கோ.

பச்சை ஈரமாக இருக்கும்போதே ரேப்பைப் பின்னால் மடிச்சு, 45 பாகையில் மெதுவாக இழுங்கோ. காய்ஞ்ச பிறகு இழுத்தால் தோலோடு வரும். வெயில் படுகிற சுவரில் இரவு முழுக்க விட்டால் பசையும் சுவரிலேயே தங்கிவிடும்.

ஒண்டு கவனம்: ரேப் ஒட்ட முதல் கிறீம் குறைஞ்சது 24 மணித்தியாலம் காயவேணும். மாரியில் இரண்டு நாள் விடுங்கோ.