கூழ் அண்டாவின் அருகே ஒரு பாடகி

கேள்வி: புகழ்பெற்ற ஒருவரை எதிர்பாராமல் சந்தித்து, அவருடைய எளிமையைக் கண்டு நெகிழ்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. 2017-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் தெருக்கோடியில் உள்ள சிறிய மாரியம்மன் கோயிலில் அது நடந்தது. நான் சந்தித்தது தமிழ்நாட்டைச் சேர்ந்த திரைப்படப் பின்னணிப் பாடகி ஒருவரை. அன்று அவர் யாருக்கும் தெரியாமல் வந்து போகவே விரும்பினார் என்பதால், பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

நான் மதுரையில் பிறந்து, திருமணமாகி இங்கு வந்தவள். என் மாமியாரோ இந்த மண்ணிலேயே பிறந்தவர். அவருடைய பாட்டி, 1860-இல் தொடங்கி 1911-இல் நிறுத்தப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையின் இறுதி ஆண்டுகளில், மதராஸில் கப்பலேறி, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். நிறவெறி அரசு குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்தபோது, 1960-களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்துக்கு எங்கள் குடும்பமும் பெயர்க்கப்பட்டது. பள்ளியிலும் வேலையிலும் ஆங்கிலமே பேசிப் பேசி, அத்தையிடம் எஞ்சியிருந்த தமிழ் சமையலறைச் சொற்களும், சாமி பாட்டுகளும், பாட்டியிடம் கேட்டுப் பழகிய ஒரு தாலாட்டும்தான். அந்தத் தாலாட்டில் ‘பவளம்’ என்ற சொல்லை அவர் ‘பவலம்’ என்றே பாடுவார். வார இறுதிகளில் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் நான், அதைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவார். அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்குள்ள தமிழர்கள் ‘போரிஜ் பிரேயர்’ என்று சொல்வார்கள். கேழ்வரகு இல்லை, மக்காச்சோள மாவைக் காய்ச்சி, ஜூலு மக்கள் ‘அமாசி’ என்று அழைக்கும் புளித்த பாலைச் சேர்த்துக் கரைப்பார்கள். அன்று அமாசி வாளிகளைக் கொண்டுவர வேண்டிய தம்பி வாடகைக் கார் ஓட்டுபவர். முந்தைய இரவு டர்பனில் பாடிய அந்தப் பாடகியை விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பும் அவருக்கே இருந்தது. வாளிகளை இறக்கிவிட்டுப் போகலாமா என்று அவர் தயங்கிக் கேட்க, பாடகி தாமும் இறங்கி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் வந்துவிட்டார்.

அத்தைக்கு அவர் யார் என்று தெரியவில்லை. கை வலித்துப்போய் மாற்று ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர், வந்தவரின் கையில் துடுப்பைக் கொடுத்து, அடி பிடிக்காமல் கிளறும்படி சொல்லிவிட்டார். எனக்குப் பதைபதைப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் பாடகி என்னைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்பதுபோல் தலையை மெல்ல அசைத்தார். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, புகையில் கண் கலங்கக் கலங்கப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கிளறினார்.

பேச்சு வாக்கில் அத்தையிடம், “அம்மா, உங்கள் வீட்டில் குழந்தையைத் தூங்க வைக்க என்ன பாடுவீர்கள்?” என்று கேட்டார். அத்தை முதலில் என் முகத்தைப் பார்த்தார். நான் திருத்துவேனோ என்ற தயக்கம் அந்தப் பார்வையில் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பிறகு வெங்காயம் நறுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பாடத் தொடங்கினார். மில்லுச் சங்கு ஊதுவதற்குள் கண்ணுறங்கும்படி குழந்தையைக் கெஞ்சும் பாட்டு அது. கரும்பாலையின் சங்கொலி கேட்டதும் வேலைக்கு ஓட வேண்டிய ஒரு தாய் கட்டிய பாட்டாக இருக்க வேண்டும். பாடகி இன்னொரு முறை பாடச் சொல்லி, அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, மூன்றாவது முறை தாமும் உடன் பாடினார். ளகரத்தைப் பிசகாமல் ஒலிப்பதற்காகவே பாராட்டப்படுபவர் அவர். அந்தச் சொல் வந்த இடத்தில் அத்தையைப் போலவே ‘பவலம்’ என்று பாடினார்.

அத்தை அன்று பாட்டை முழுவதும் பாடி முடித்தார்.

இந்த நாட்டில் எளிமையைப் பற்றிப் பேசும்போது நெல்சன் மண்டேலாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1994-இல் அவர் குடியரசுத் தலைவரானதும், அந்த அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்த ஜெல்டா லா கிரேஞ்ச் என்ற ஆப்பிரிக்கானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) இளம்பெண் எதிர்பாராமல் அவர் எதிரே வந்து நின்றபோது, மண்டேலா அவருடன் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலேயே பேசினார். தம்மை 27 ஆண்டுகள் சிறையில் வைத்தவர்களின் மொழி அது. சிறையில் இருந்தபோதே அதைக் கற்றிருந்தார். அந்தப் பெண் அழத் தொடங்க, அவர் கையை விடாமல் பற்றியிருந்தார் என்று ஜெல்டாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். மண்டேலாவின் உதவியாளராக நெடுங்காலம் உடனிருந்தவர் அவர். எங்கள் கொட்டகையில் நடந்தது அவ்வளவு பெரியது அல்ல. ஆனால் எதிரில் இருப்பவரின் நாவில் எந்தச் சொல் எப்படி வாழ்கிறதோ, அப்படியே அதை ஏற்றுக்கொள்ளும் மனம் இரண்டிலும் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

கூழ் குடித்து, டம்ளரைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் விமானத்துக்குப் புறப்பட்டார். யாரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை நான் சொல்லித்தான் அவர் யாரென்று அத்தைக்குத் தெரிந்தது. கூழைக் கிளறச் சொன்னதற்காக அவர் வருந்தவில்லை. நன்றாகவே கிளறினாள் என்றார்.

2021-இல் அத்தை காலமானார். அவருடைய குரல் எங்களிடம் எந்தப் பதிவிலும் இல்லை என்பது ஈமக்கடன்கள் முடிந்த பிறகுதான் உறைத்தது. பாடகியின் அலுவலக முகவரிக்கு, நினைவிருக்குமா என்ற ஐயத்துடனேயே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாள் அவரே பதில் எழுதி, பதிவையும் இணைத்திருந்தார். ஒரு நிமிடம் நாற்பது நொடி ஓடுகிறது. பாட்டின் நடுவே துடுப்பு அண்டாவின் விளிம்பில் இடிக்கும் ஓசை கேட்கிறது. கடைசி வரியில் இரண்டு குரல்களும் சேர்ந்தே ‘பவலம்’ என்கின்றன.