வேலைல பர்ன்அவுட் ஆகி எதுலயும் ஒட்டாம இருந்தவங்க, திரும்ப எப்படி சிரிக்க ஆரம்பிச்சீங்க?

யோகா, கோவா ட்ரிப், ஜிம் எல்லாம் பாத்துட்டேன் எதுவும் ஒத்து வரலன்னு கேள்வி கேட்டவர் போட்டிருந்தார், அதைப் பாத்துதான் எழுதுறேன். என் விஷயத்துல கேஸ் கொஞ்சம் விசித்திரம். தெருக்கூத்துல திரை பிடிச்சேன்.

நான் புரொடக்‌ஷன் சப்போர்ட்ல ஏழு வருஷம், அதாவது ஐடி கம்பெனில ஓடிக்கிட்டிருக்கிற சாஃப்ட்வேர்ல கோளாறு வந்தா சரி பண்ற வேலை. ராத்திரி 2 மணிக்கு அலர்ட் வரும், வராத ராத்திரியிலயும் வந்த மாதிரியே காதுல கேக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்அவுட்டை நோய்னு சொல்லாம, வேலையால வர்ற ஒரு நிலைமைன்னு சொல்லி மூணு அடையாளம் குடுத்துச்சு: உடம்புல தெம்பே இல்லாம போறது, வேலை மேல கசப்பு வந்து ஒதுங்குறது, எதைச் செஞ்சாலும் உருப்படியா செய்யலன்னு தோணுறது. முதலாவதுக்கு இருபது நாள் லீவு போட்டு தூங்கினேன், சரியாச்சு. அந்த ரெண்டாவதுதான் போகல, எனக்கு அது வேலையோட நிக்காம மனுஷங்க மேலயே வந்துருச்சு. ஒருநாள் அம்மா போன் பண்ணப்ப எடுத்ததும் "சொல்லுங்க, என்ன இஷ்யூ"ன்னு கேட்டேன். அவங்க "ஒண்ணுமில்லப்பா, சாப்ட்டியா"ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சிட்டாங்க. அப்புறம் நாலு நாள் கழிச்சு, ஊர்ல பாரதம் வைக்கிறாங்க வந்துட்டுப் போன்னு கூப்ட்டாங்க, மறுக்கக்கூட தோணாம போனேன்.

எங்க ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில் பாரதம்னா மத்தியானம் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலைல படுகளம் (துரியோதனன் சாவுற கட்டம்), சாயங்காலம் தீமிதி. கூத்து ராத்திரி பத்துக்கு மேல ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். பாக்காதவங்களுக்காக ஒண்ணு சொல்லிடுறேன், ராஜா வேஷம் கட்டினவர் நேரா வந்து நிக்க மாட்டார், ரெண்டு பேர் ஒரு துணியை விரிச்சுப் பிடிப்பாங்க, அவர் அதுக்குப் பின்னாடி நின்னு பாடுவார், சலங்கை சத்தமும் கிரீடத்தோட உச்சியும்தான் ஜனங்களுக்கு. முன்னாடி கட்டியக்காரன் நிப்பார். சேவகன், கோமாளி, கதை சொல்றவன் எல்லாமே அவர்தான். அவர் பேசுறதுல பாதிக்கு மேல அப்பப்ப வாய்ல வர்றது, அன்னிக்கு டீக்கடைல நடந்ததைக்கூட மகாபாரதத்துக்குள்ள இழுத்து விட்டுருவார்.

அன்னிக்கு வில் வளைப்பு, திரௌபதி சுயம்வரத்துல வில்லை வளைக்கிற கதை. திரை பிடிக்கிற பையன் எங்கயோ படுத்துத் தூங்கிட்டான். கூத்து வாத்தியார் சுத்தி முத்தி பாத்துட்டு "தம்பி, சும்மாதான நிக்கிற, வந்து ஒரு முனையைப் பிடி"ன்னார். பிடிச்சேன். துரியோதனன் முகம் என் முகத்துலேர்ந்து ஒரு சாண் தூரம், செவப்பு சாயத்துக்கு மேல வேர்வை ஓடுது, தோள்ல கட்டின புஜக்கட்டைல ஒட்டின கண்ணாடித் துண்டு லைட்டுல பளிச்சு பளிச்சுங்குது, தொண்டை நரம்பு புடைக்க அந்த மனுஷன் பாடுறார், நடுவுல மூச்சு வாங்கிக்கிட்டே என்னைப் பாத்து "தாழ்த்திப் பிடிக்காதப்பா, தெரியுது"ன்னு முணுமுணுத்துட்டு அடுத்த அடியை விடாம எடுத்துட்டார்! பகல்ல ஷேர் ஆட்டோ ஓட்டுறவர் அவர்.

என் கை நடுங்குச்சு. கட்டியக்காரன் கண்ணுக்கு அது தப்புமா? "யாருய்யா இது, மகாராஜா வர்றதுக்குள்ள திரைக்கே குளிர் ஜுரம் வந்துருச்சே"ன்னார். கூட்டத்துலேர்ந்து எவனோ "ஐடி கம்பெனி"ன்னு கத்தினான். "ஓ கம்ப்யூட்டர் ஆளா? அப்ப ஏன் திரை ஆடிக்கிட்டே நிக்குது, தொறக்க மாட்டேங்குது?" எனக்கு யோசிக்கவே நேரமில்ல, வாய்ல வந்ததை "நெட் இல்லீங்க"ன்னு சொல்லிட்டேன். பெரிய ஜோக்கெல்லாம் இல்ல, ஆனா ஒரு ஐந்நூறு பேர் சிரிச்சாங்க. திரைல ரெண்டு ஓட்டை இருந்துச்சு, அதுல ஒண்ணு வழியா பாத்தா அம்மா பாய்ல உக்காந்து முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க.

கட்டியக்காரன் அதோட விடல. ராத்திரி 3 மணி இருக்கும், துரியோதனன் வில்லைத் தூக்க முடியாம திணறுறப்ப கட்டியக்காரன் குனிஞ்சு பவ்யமா "மகாராஜா, நெட் இல்ல போல, ஒரு டிக்கெட் போடட்டுமா"ன்னு கேட்டார் (டிக்கெட்னா எங்க வேலைல கோளாறுக்குப் பதியுற புகார்). துரியோதனனுக்கே சிரிப்பு வந்து திரும்பி நின்னுக்கிட்டார். நான் ஓரமா தரைல உக்காந்து கண்ணுல தண்ணி வர வர சிரிச்சேன், கடைசியா எப்ப அப்படி சிரிச்சேன்னு ஞாபகமே இல்ல. நான் உளறினதை ஒருத்தர் பத்திரமா எடுத்து வச்சு மூணு மணி நேரம் கழிச்சு திருப்பிக் குடுத்தார் பாருங்க, அந்த ஏழு வருஷத்துல என்கிட்ட யாரும் அப்படி செஞ்சதில்ல. நான் சொன்னதை எடுத்து வச்சாங்கன்னா அது அப்ரைசல்ல காட்டுறதுக்குத்தான்.

அப்புறம் சென்னைல ஒரு இம்ப்ராவ் வகுப்புக்கு போனேன், எழுதி வச்ச வசனம் இல்லாம அப்பப்ப தோணுறதை நடிக்கிறது, அதுக்குப் பழக நிறைய விளையாட்டு இருக்கும். அந்த விளையாட்டுகளுக்கு அடிப்படை போட்டவங்க வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா, சிகாகோல வெளிநாட்டுலேர்ந்து குடியேறின குடும்பத்துப் பசங்களோட வேலை செஞ்சு உருவாக்கினது. அங்க ஒரு விளையாட்டுல வட்டமா நின்னு கண்ணை மூடி 1லேர்ந்து 20 வரைக்கும் எண்ணணும், யார் எப்ப சொல்றதுன்னு பேசி வச்சுக்கக் கூடாது, ரெண்டு பேர் ஒண்ணா சொல்லிட்டா திரும்ப 1. நாங்க 7ஐத் தாண்டவே அரை மணி நேரம் ஆச்சு, ஒவ்வொரு தடவை சொதப்புனப்பவும் எல்லாரும் கை தட்டினாங்க. சொதப்புனா மேலதிகாரிங்க வரைக்கும் புகார் போற எஸ்கலேஷன் மெயில் வர்ற எடத்துலேர்ந்து வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஆனா நேர்மையா சொன்னா கூத்து குடுத்த கிக்குல பாதிகூட அங்க இல்ல, எல்லாரும் ஒரே மாதிரி ஆபீஸ் ஆளுங்களா இருந்ததால இருக்கலாம்.

இதனால வேலை பிரச்சனை தீர்ந்துடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க, நைட் ஷிஃப்ட் இல்லாத டீமுக்கு சண்டை போட்டு மாறினேன், நடுவுல கவுன்சலிங்கும் போனேன். தூக்கமே வரல, உயிரோட இருக்கவே பிடிக்கலங்கிற அளவுக்கு இருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க, கூத்தெல்லாம் அப்புறம்.

ஊர்ல பசங்க இப்பவும் என்னை "நெட் இல்லண்ணா"ன்னுதான் கூப்பிடுறாங்க. வர்ற சித்திரைக்கு லீவு சொல்லியாச்சு. வாத்தியார்கிட்ட திரைக்கு புதுத் துணி வாங்கித் தரேன்னேன், வேணாம்ப்பா ஓட்டை இல்லைன்னா கூட்டம் எவ்ளோன்னு எப்படி பாக்கிறதுன்னுட்டார்.